ரூத் காட்டும் நம்பிக்கை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

திருமணக் கதை என்றவுடன் மாலையும் மேளமும் நம் நினைவுக்கு வரும். ஆனால் மூன்று சாவுகளோடு தொடங்கும் ஒரு திருமணக் கதை விவிலியத்தில் உண்டு. பழைய ஏற்பாட்டில் நான்கே அதிகாரங்கள் கொண்ட ரூத்தின் சரித்திரமே அது. அதில் கடல் பிளக்கவில்லை. வானத்திலிருந்து மன்னா பொழியவில்லை. கடவுள் நேரில் தோன்றிப் பேசவும் இல்லை. அப்படியிருந்தும் படித்து முடிப்பவர் உள்ளத்தில் நம்பிக்கை பிறக்கிறதே, எவ்வாறு? அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கதைக்கும் தமிழுக்கும் பழைய உறவு உண்டு. தரங்கம்பாடியில் விவிலியத்தைத் தமிழாக்கிய சீகன்பால்கு 1719ஆம் ஆண்டில் மறைந்தார். அப்போது பழைய ஏற்பாட்டில் ரூத் வரையிலுமே அவர் முடித்திருந்தார். எஞ்சிய பகுதியை அவருக்குப் பின் வந்த சூல்ச் நிறைவு செய்தார்.

கதையைப் பார்ப்போம். பெத்லகேமில் பஞ்சம். எலிமெலேக்கு என்பவர் மனைவி நகோமியையும் இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு மோவாப் நாட்டிற்குப் பிழைக்கப் போகிறார், அங்கேயே இறந்துபோகிறார். மோவாபியப் பெண்களை மணந்த மைந்தர் இருவரும் பத்தாண்டளவில் மாண்டுவிடுகின்றனர். ஒரே வீட்டில் மூன்று கைம்பெண்கள்! நகோமி மருமக்களைத் தாய்வீடு திரும்பச் சொல்கிறாள். ஒருத்தி அழுதுகொண்டே போகிறாள். மற்றவளாகிய ரூத் மாமியாரைப் பிரிய மறுத்து, முன்பின் அறியாத பெத்லகேமுக்கு உடன் வருகிறாள். ஊர் சேர்ந்த நகோமியோ, தன்னை இனி 'மாரா' என்றே அழைக்கச் சொல்கிறாள். மாரா என்றால் கசப்பு.

அந்தக் கசப்பு எப்படி மாறிற்று? முதலாவது, ஒரு சட்டத்தால். அறுவடையின்போது வயலோரத்தைத் தீர அறுக்கக் கூடாது. சிந்திய கதிர்களைப் பொறுக்கக் கூடாது. அவை ஏழைக்கும் அயலானுக்கும் உரியவை என்றது மோசேயின் சட்டம். அந்த உரிமையைக் கொண்டே ரூத் போவாஸ் என்பவரின் வயலில் கதிர் பொறுக்கினாள். இரண்டாவது, சட்டத்தையும் மிஞ்சிய மனத்தால். அவள் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று சில கதிர்களை வேண்டுமென்றே விட்டுவிடுமாறு போவாஸ் தம் ஆட்களிடம் கூறினார். அன்று மாலை அவள் வீட்டிற்குக் கொண்டுவந்த வாற்கோதுமை ஒரு எப்பா, அதாவது சுமார் 22 லிட்டர்.

மூன்றாவது, மாமியாரின் அன்பால். மருமகளுக்கு நல்வாழ்வு தேடித் தருவது தன் கடமை என்று நகோமியே திருமணத்திற்கு வழி சொன்னாள். இறந்தவரின் நிலத்தை மீட்கும் உரிமை நெருங்கிய உறவினருக்கு இருந்தது. போவாஸைவிட நெருங்கிய ஒருவர் நிலம் வேண்டும் என்றார். ரூத்தையும் ஏற்கவேண்டும் என்றதும் பின்வாங்கினார். ஊர்வாயிலில் பத்துப் பெரியோர் முன்னிலையில் தம் மிதியடியைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விட்டார். போவாஸ் ரூத்தை மணந்தார். அவர்கள் மகன் ஓபேத். ஓபேத்தின் பேரனே தாவீது மன்னன். அயல்நாட்டுக் கைம்பெண் ஓர் அரச குலத்தின் பாட்டியானாள்!

இனி எங்கள் ஏரிக்கரைக்கு வருவோம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இங்குள்ள சில மீனவக் குப்பங்களில் 'பாடு' என்னும் முறை வழிவழியாக உள்ளது. மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வதே பாடு. வலியவன் ஒருவனே வாரிக்கொள்ளாதபடி காக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆயினும் அவ்வுரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. ஆண் துணையை இழந்தவள் ஏலத்தில் மீன் எடுத்து விற்கவேண்டும். ஆழமில்லாத நீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களையும் இங்குக் காணலாம். கதிர் பொறுக்கிய ரூத்தே என் கண்முன் நிற்பாள்.

எங்கள் வீட்டிலும் ஒரு நகோமி இருக்கிறார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து என் அண்ணன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அண்ணிக்கு வயது இருபத்து மூன்று. பொன்னேரிச் சந்தையில் மீன் விற்று, என் பஸ் செலவுக்கும் அவர்தாம் தருகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சென்ற பொங்கலன்று அம்மா அண்ணியிடம், "உனக்கு வயசு இருக்குதும்மா. நான் இருக்கும்போதே உனக்கு ஒரு வழி செய்யணும்" என்றார். எங்கள் பக்கத்தில் மறுமணம் அறவே இல்லாததன்று. ஆயினும் ஊர்ப்பேச்சு எழாமல் இருப்பதில்லை. அண்ணி இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் விருப்பமே முடிவு என்று அம்மா சொல்லிவிட்டார்.

கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் ஏற்று நெடுங்காலமாகிறது. அதற்கான சட்டம் 1856இல் வந்தது. மறுமணம் செய்வோருக்கு உதவ, டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் 1975இல் தமிழக அரசு நிதியுதவித் திட்டம் தொடங்கியது. எனினும் சட்டம் வயலோரத்தை மட்டுமே விட்டுவைக்கும்; கதிரை வேண்டுமென்றே விட்டுச்செல்ல மனிதர் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்பிக்கை என்பது கைகட்டிக் காத்திருப்பதன்று. ரூத் நடந்தாள், நகோமி வழி சொன்னாள், போவாஸ் ஊரறியக் கைப்பிடித்தார். கடவுள் நம்பிக்கை உள்ளவர் இவற்றில் கடவுளின் கையைக் காண்பர். இல்லாதவர் மனிதரின் நெஞ்சைக் காண்பர். யாராயினும், நம் தெருவில் ஒரு கைம்பெண் மறுவாழ்வு பெற எண்ணும்போது, புறம்பேசாமல் அவள் பக்கம் நிற்போமாக!