கொத்தனார் ஜேம்ஸ் கார்லைல்

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், டம்ஃப்ரீஸ் சீமையில், எக்கிள்ஃபெக்கன் என்றொரு சிற்றூர் உண்டு. ‘பிரெஞ்சுப் புரட்சி’யின் சரித்திரத்தை எழுதிப் பெரும்புகழ் பெற்ற தாமஸ் கார்லைல் 1795 டிசம்பர் 4ஆம் தேதி பிறந்தது அவ்வூரில்தான். நடுவில் வளைவு வைத்துக் கட்டிய அந்த வீடு இன்றும் நிற்கிறது. அதைத் தம் சகோதரரோடு சேர்ந்து கல்மேல் கல் வைத்து எழுப்பியவர் தாமஸின் தகப்பனார் ஜேம்ஸ். மகனின் நூல்களைப் படித்தவர்கள் நம்மிடையே அநேகர் இருக்க, தகப்பனாரை அறிந்தவர் மிகச் சிலரே; ஆனால் அந்த மகனுடைய எழுத்தின் உரத்துக்கு மூலகாரணம் யாரென்று கேட்டால், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத இந்தக் கிராமத்துக் கொத்தனாரைத்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும்.

ஜேம்ஸின் பால்யம் கஷ்டமானது. அவருடைய தகப்பனார் குடும்பப் பொறுப்பில் சிரத்தையற்றவராயிருந்தபடியால், பிள்ளைகள் தம் வயிற்றுப்பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள நேர்ந்தது. ஜேம்ஸின் சகோதரியை மணந்த ஒரு கொத்தனார் அவருக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். கார்லைல் சகோதரர்கள் உழைப்பில் சூரர்கள் என்பதுபோலவே கோபத்திலும் சூரர்கள் என்று ஊரார் சொல்வதுண்டு. அந்த இளமையின் முரட்டுத்தனத்தை அடக்கி, அதையே உறுதியாக மாற்றிக் கொடுத்தது, தாய்மாமன் ஒருவரின் நல்வழிகாட்டலும் ஜேம்ஸ் சேர்ந்திருந்த சபையுமாகும்.

அந்தச் சபையைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துத் திருச்சபையில் ஓர் ஊருக்குப் போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. எங்களுக்குப் போதிப்பவரை நாங்களே தெரிந்தெடுப்போம் என்று 1733இல் ஒரு கூட்டத்தார் பிரிந்துபோய்த் தனிச்சபை கண்டார்கள். 1747இல் நகரவாசிகள் செய்யவேண்டிய ஒரு சத்தியப்பிரமாணத்தை முன்னிட்டு அவர்களும் இரண்டாகப் பிரிய, ‘பர்கர்’ என்று பெயர் பெற்ற பிரிவினர் எக்கிள்ஃபெக்கனில் கூரை வேய்ந்த எளிய ஆலயம் ஒன்றில் கூடிவந்தனர். சுமார் ஆறு மைல் தூரத்திலுள்ள ஆனன் பட்டணத்திலிருந்துகூட ஞாயிறுதோறும் ஒரு சிறு கூட்டம் நடந்தே வரும். பிற்காலத்தில் லண்டன் மாநகரையே தம் பிரசங்கத்தால் கலக்கிய எட்வர்டு இர்விங் சிறு பையனாக அந்தக் கூட்டத்தோடு நடந்து வந்தவர்தாம்.

இச்சபைகளில் அத்தியட்சர் (பிஷப்) என்று ஒருவர் இல்லை. சபையாரிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டு ஆயுள் முழுவதும் பொறுப்பு வகிக்கும் மூப்பர்கள் போதகரோடு சமமாக அமர்ந்து சபைக் காரியங்களை நடத்துவார்கள். காணிக்கைத் தட்டருகே நின்று வருவோரைக் கவனிப்பதும், அப்பணத்தால் ஏழைகளை ஆதரிப்பதும், நோயாளிகளைப் பார்ப்பதும், நடத்தை தவறியவரைக் கண்டிப்பதும், திருவிருந்தில் சேரத் தகுதியுடையவருக்கு ஈய வில்லை ஒன்றைக் கொடுத்து அனுமதிப்பதும் அவர்கள் வேலை. வார நாட்களில் ஏர் உழுதவரும் தறி நெய்தவரும் கல் கொத்தியவரும் ஓய்வுநாளில் இத்தகைய பாரத்தைச் சுமந்தார்கள் என்பதைச் சிந்தித்துப் பார்த்தால், அந்நாட்டுக் குடியானவனுக்கு நிமிர்ந்த நெஞ்சும் நிதானித்த பேச்சும் எங்கிருந்து வந்தன என்பது புலப்படும். ஆலயத்தில் மூப்பர் எப்படியோ அப்படியே வீட்டில் தகப்பன்: மாலையில் குடும்பத்தைக் கூட்டி வேதம் வாசித்து ஜெபிப்பது அவன் கடமை. ஜேம்ஸ் கார்லைல் அந்த வார்ப்பில் உருவான குடும்பத் தலைவர்.

முதல் மனைவி ஒரு மகனை விட்டுச் சீக்கிரமே இறந்துபோக, 1795இல் அவர் மார்கரெட் எய்ட்கெனை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த ஒன்பது பேரில் தாமஸ் தலைப்பிள்ளை. கல்வி தந்தால் பிள்ளை பெற்றோரை அவமதிப்பான் என்று அக்கம்பக்கத்தார் எச்சரித்தும் கேளாமல், போதகராக்கும் எண்ணத்தோடு 1809இல் பதினான்கு வயதுகூட நிரம்பாத பையனை எடின்பரோ சர்வகலாசாலைக்கு அனுப்பினார். ஏறக்குறைய நூறு மைல் தூரத்தைப் பையன் கால்நடையாகவே கடந்தான். எட்டு வருஷங்களுக்குப்பின், தன் மனசாட்சி இடங்கொடாததால் குருத்துவ எண்ணத்தை மகன் கைவிட்டபோது, தகப்பனார் ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை. ஒரு தலைமுறையின் நம்பிக்கை தன் கண்முன்னே கலைவதைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பது எவ்வளவு பெரிய தர்மம்! அவர் வைத்த கற்களுள் இதைவிட உறுதியானது ஒன்றில்லை என்றே நான் கருதுகிறேன்.

கதையும் கவிதையும் அவருக்கு ஆகா. நடவாததை நடந்ததாகச் சொல்வது பொய் என்பது அவர் தீர்ப்பு. ஸ்காட்லாந்தின் கவி பர்ன்ஸை உள்ளூர்க் கொல்லன் பட்டறையருகே ஒருமுறை நேரில் பார்த்திருந்தும் அவர் பாட்டை நாடிப் படித்தவரல்லர். ஆயினும் அவர் வாய்ச்சொல்லில் இயற்கையாகவே உயிர்ச்சித்திரங்கள் பிறக்குமாம்.

பிள்ளைகள் அவரை மதித்தார்கள், அஞ்சினார்கள். நெருங்கி அன்பு செலுத்தத் துணியவில்லை. அவர் இருதயத்தைச் சுற்றி ஒரு சுவர் இருந்தது என்பது மகனின் நெடுநாளைய ஏக்கம். ஆனாலும் ஐந்து வயதளவில் ஓடையொன்றின் மடுவைத் தகப்பனார் தன்னைச் சுமந்து கடந்ததும், கீழே ஆழமும் அதில் தலைகீழாய்த் தெரிந்த வானமும் கண்டு நடுங்கியபோதே இவர் காப்பார் என்று நம்பியதும் தாமஸுக்கு மறக்கவேயில்லை.

1815 அளவில் கட்டட வேலையை விட்டு விவசாயத்தில் இறங்கிய ஜேம்ஸ், 1826 முதல் ஸ்காட்ஸ்பிரிக் என்னும் பண்ணையில் வாழ்ந்தார். எழுபதைத் தாண்டித் தளர்ந்திருந்த அவர் 1832 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை காலமானார். லண்டனில், தம் நூலுக்குப் பிரசுரகர்த்தர் கிடைக்காமல் வாடகை அறையில் தங்கியிருந்த தாமஸுக்குச் செவ்வாய்க்கிழமைதான் கடிதம் சேர்ந்தது. தகப்பனுக்குக் கொள்ளிவைக்க மகன் வரவில்லையென்றால் ஆயுசுக்கும் ஆறாத் துயரம் என்று எண்ணுகிற நமக்கு அவர் தவிப்பு விளங்கும். வெள்ளிக்கிழமை நடந்த அடக்கத்துக்கு அவர் போகவில்லை. அடக்கம் என்றாலும், அந்தச் சபையாரின் வழக்கத்தில் அது மிக எளியது: வேதவாசிப்பும் ஜெபமும் வீட்டோடு சரி; கல்லறையண்டையில் பிரசங்கமோ சடங்கோ இல்லாமல் உறவினரும் அயலாரும் சுமந்து சென்று மண்ணிடுவார்கள்.

அடக்கத்துக்குப் போகாத மகன் எழுத உட்கார்ந்தார். புதன்கிழமை தொடங்கி அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவுவரை, அடக்கம் நடந்த நாளையும் உள்ளிட்டு, தகப்பனாரைப்பற்றி நினைவில் வந்ததையெல்லாம் எழுதினார். அச்சுக்காக எழுதியதன்று. தகப்பனார் வீடு கட்டிய நேர்மையோடு தாம் புத்தகம் எழுதவேண்டும் என்பதே அதில் அவர் தமக்கு இட்டுக்கொண்ட விரதம். சபையின் சித்தாந்தங்களைவிட்டு எவ்வளவோ தூரம் விலகிவிட்ட பின்பும், தம் வேலையை அளக்க அவர் கையிலிருந்தது அந்தக் கொத்தனாரின் அளவுகோலே. 1881இல் தாமஸ் மறைந்த சில வாரங்களுக்குள் ஃப்ரூட் என்னும் சரித்திராசிரியர் வெளியிட்ட ‘நினைவுகள்’ நூலில் அந்தப் பக்கங்கள் உலகத்தின் கைக்கு வந்தன. அவ்வருஷம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தும், தாமஸ் முன்னரே சொல்லிவைத்திருந்தபடி, எக்கிள்ஃபெக்கனில் பெற்றோர் அருகே, சடங்கு எதுவுமின்றி அவரை அடக்கம் செய்தார்கள்.