வெள்ளைச் சேலையும் ஒளிமானியும்

என் மேசை லாச்சிக்குள் ஒரு பழைய ஒளிமானி கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். முன்புறத்திலே தேன்கூட்டை நினைவூட்டும் கண்ணாடி. எண்களின்மேல் அசையும் மெல்லிய ஊசி. பற்றரி வேண்டியதில்லை. கண்ணாடிக்குப் பின்னேயுள்ள செலீனியத் தகட்டில் ஒளி படும்போது பிறக்கும் சிறு மின்னோட்டமே ஊசியை நகர்த்துகிறது. அமெரிக்காவின் வெஸ்ரன் கம்பனியார் இவ்வகைக் கருவியை 1932ஆம் ஆண்டிலே விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதற்கு முன்னர் படம்பிடிப்போர் பெரும்பாலும் அட்டவணையையும் அநுபவத்தையுமே நம்பியிருந்தனர்.

ஊசி பொய் சொல்லாது என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்த விலை அம்மாவின் படம்.

ஐயா காலமான பின்னர் அம்மா வெள்ளைச் சேலை மாத்திரமே உடுப்பார். ஒருநாட் காலை, விறாந்தையிலே, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரோடு கதிரையைப் போட்டு அவரை இருத்தினேன். ஏழெட்டடி தள்ளி நின்றபடியே ஒளிமானியை அவர் பக்கமாக நீட்டினேன். பிலிமின் வேகம் 125. துவாரம் 8 என்றால் 1/250 செக்கன் போதும் என்றது ஊசி. றோலில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு படம், அதை எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது, நெகற்றிவ்விலே முகம் இருக்கவேண்டிய இடம் வெறுங் கண்ணாடியாய் இருந்தது. எவ்வளவு முயன்றும் கடதாசியிலே அவ்விடம் கறுப்பாகவே விழுந்தது. சேலையோ ஓர் இழை குறையாமற் பதிந்திருந்தது. இன்னொரு நாள் எடுக்கலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த மாதம் அம்மா இல்லை.

கருவியிலே பழுதில்லை. தான் எதைப் பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். கரும்பலகையைக் காட்டினாலும் சரி, சுண்ணாம்புச் சுவரைக் காட்டினாலும் சரி, முன்னே நிற்பது நடுத்தரச் சாம்பல் நிறமென்றே அது கொள்ளும். வெள்ளையைச் சாம்பலாக்குவதற்காக ஒளியை நாலில் ஒரு பங்காகக் குறைக்கும்படி எனக்குச் சொல்லிற்று. அக்குறைவை வெள்ளைச் சேலை தாங்கியது. கறுத்த முகம் தாங்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர்களிலே தொங்கும் பழைய கலியாணப் படங்கள் பலவற்றில் மாப்பிள்ளையின் வேட்டி துலங்க முகம் இருண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் எண்ணம்.

ஒளிமானி கைக்கு எட்டாத வேளையிலும் ஒளியை அளந்தவர் அன்செல் அடம்ஸ். 1941ஆம் ஆண்டு நியூ மெக்சிக்கோவிலே ஹேர்னாண்டெஸ் என்ற சிற்றூரின் ஓரமாகக் காரிற் சென்றுகொண்டிருந்தார். பின்னாளில் வானியலாளர், படத்திலுள்ள நிலவின் நிலையைக் கொண்டு அந்நாள் நவம்பர் 1 என்று கணித்தனர். கிழக்கே நிலவு எழுந்துவிட்டது. மேற்கே சாயும் வெயில் கல்லறைச் சிலுவைகளின்மேல் இன்னும் சில கணங்களே நிற்கும். அவசரத்தில் அவருடைய வெஸ்ரன் ஒளிமானி அகப்படவில்லை. ஆனால் நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 மெழுகுதிரி என்பது அவருக்கு நினைவிருந்தது.

நிலவு சாம்பலாய் விழலாகாது, நடுச்சாம்பலிலும் இரண்டு படி வெளிறி இருக்கவேண்டும் என்று அவர் தீர்மானித்தார். இரண்டு படி என்றால் நாலு மடங்கு. 250ஐ நாலால் வகுக்க ஏறக்குறைய 60. பிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. அந்தத் துவார எண்ணுக்கு, வகுத்து வந்த 60ஐயே செக்கனின் பின்னமாகக் கொள்ளலாம் என்பது அவர் கையாண்ட சூத்திரம். ஆகவே துவாரம் 8இல் 1/60 செக்கன். கமராவிற் பூட்டிய மஞ்சள் பில்ற்றர் மூன்று மடங்கு ஒளி கேட்டது, 1/20 ஆயிற்று. தூரமும் அண்மையும் ஒருங்கே கூர்மையாக விழும்பொருட்டுத் துவாரத்தை 32 ஆக ஒடுக்கினார். அதற்குப் பதினாறு மடங்கு கூட்டினால் ஏறத்தாழ ஒரு செக்கன். இரண்டாவது படத்துக்கு அவர் ஆயத்தமாவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

அவருடைய நெகற்றிவ்விலும் முன்னிலம் மெலிந்துதான் இருந்தது. 1948இல் இரசாயனத்தாற் கழுவி அப்பகுதியைச் சற்றுத் தடிப்பாக்கினார். என்னுடையதில் தடிப்பாக்க ஒன்றுமே இருக்கவில்லை.

அவர் நிலவை எப்படிக் காட்டுவதென்று முதலில் முடிவு செய்தார். பிறகே கணக்குப் போட்டார். நான் அம்மாவின் முகத்தைப்பற்றி ஒன்றும் முடிவு செய்யாமல் ஊசியைக் கேட்டேன்.

இப்போது நான் எழுந்து கிட்டப் போகிறேன். ஒளிமானியின்மேல் வெண்ணிறக் குமிழைப் பொருத்தி, இருப்பவரின் கன்னத்தோடு பிடித்து, குமிழைக் கமராவின் பக்கம் திருப்புகிறேன். அப்பொழுது அது அளப்பது முகத்தின்மேல் வந்து விழும் ஒளியையே. சேலை வெள்ளையோ கறுப்போ என்பது அதற்குப் பொருட்டன்று. குமிழ் இல்லாதவர்கள் அதே வெளிச்சத்திலே தம் உள்ளங்கையை அளந்து, ஊசி சொல்வதிலும் இருமடங்கு ஒளி கொடுத்தாற் பெரும்பாலும் பிழைக்காது. உள்ளங்கை நடுச்சாம்பலிலும் ஏறக்குறைய ஒரு படி வெளிறியது.

சென்ற வருடம் அக்காவை அதே கதிரையில் இருத்தினேன். கன்னத்தருகே குமிழைக் கொண்டுபோனதும் அவர் முகத்தைப் பின்னுக்கு இழுத்தார்.

“என்ன தம்பி, காய்ச்சலோ பாக்கிறாய்?”

அசையாமல் இருக்கச் சொன்னேன். துவாரம் 8, ஊசி காட்டியது 1/60 செக்கன். அதே விறாந்தை, அதே சுவர், ஏறக்குறைய அதே நேரம்.