வளைகோல் வீரர் தன்ராஜ் பிள்ளை

ஒரு விளையாட்டு வீரரின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? பதக்கம் ஒன்றே அளவுகோல் என்பாருக்குத் தன்ராஜ் பிள்ளையின் வாழ்க்கை ஒரு புதிராகவே இருக்கும். 1992, 1996, 2000, 2004 என நான்கு ஒலிம்பிக் பந்தயங்களில் அவர் ஆடினார். ஒன்றிலேனும் பதக்கம் கிட்டவில்லை. ஆயினும் அவர் தலைமுறையின் தலைசிறந்த ஹாக்கி வீரர்களுள் ஒருவராக உலகம் அவரைப் போற்றுகிறது. காரணம் என்ன?

முதலில் அவர் வந்த காலத்தைப் பார்ப்போம். ஹாக்கி எனும் வளைகோல் பந்தாட்டத்தில் 1928 முதல் 1980 வரை நம் நாடு எட்டு ஒலிம்பிக் தங்கங்களை வென்றது. மாஸ்கோவில் எட்டாவது தங்கத்தை வென்ற அணியின் தலைவர் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். அடுத்த பதக்கத்திற்கு, அதுவும் வெண்கலத்திற்கு, 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே 1982-இல், நாம் வாழும் இதே தில்லியின் தேசிய அரங்கில், ஆசியப் போட்டி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 7–1 என்ற கணக்கில் தோற்றோம்.

இச்சரிவுக்கு ஒரு முக்கியக் காரணம் ஆடுதளம். புல்தரையின் மேடுபள்ளங்களில் பந்தின் வேகம் குன்றும். எனவே பந்தைக் கோலோடு ஒட்டவைத்து எதிரியை ஏய்க்கும் நம் கலைக்கு அங்கே மதிப்பிருந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்தது. சமமான அத்தளத்தில் நீர் தெளித்தால் உராய்வு குறைந்து பந்து நேராக விரையும். ஓட்டமும் உடல்வலிவும் முன்னுக்கு வந்தன. நம் நாட்டிலோ அத்தகைய தளங்கள் மிகச் சிலவே.

தன்ராஜ் 1968-இல் பூனாவை அடுத்த கட்கியில், எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மண்தரையில், உடைந்த கோல்களைக் கயிற்றால் கட்டி அண்ணன்மாரோடு ஆடிப் பழகினார். மண்தரை தந்த கோல்திறனும் இயல்பாய் அமைந்த மின்னல் வேகமும் அவரிடம் ஒன்று சேர்ந்தன. பழைய கலையைக் கைவிடாமலே புதிய தளத்தில் ஆடலாம் என்று காட்டிய முன்னணி ஆட்டக்காரர் அவர். 1989 முதல் 2004 வரை 339 பன்னாட்டு ஆட்டங்கள்! நான்கு ஒலிம்பிக் பந்தயங்களோடு நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிகளிலும் ஆடினார்.

1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் தென்கொரியாவை வென்று தங்கம் கொணர்ந்தோம். அதற்கு முந்தைய ஆசியத் தங்கம் 1966-இல், அதே பாங்காக்கில் பெற்றது. அவ்வெற்றி வாகையின் ஈரம் காயுமுன்பே அவரும் வேறு சில மூத்த வீரர்களும் அணியில் இடம் இழந்தனர் என்பது வருந்தத்தக்க வரலாறு. அவர் சோர்ந்துவிடவில்லை, மீண்டு வந்தார். 2000-இல் சிட்னியில் போலந்துக்கு எதிரே முன்னணியில் நின்ற நம் அணி, கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கிச் சமன் செய்து அரையிறுதியை இழந்தது. பதக்கத்திற்கும் அவருக்கும் இடையே நின்றவை அந்தச் சில நொடிகளே!

2002-இல் கொலோனில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் நம் அணி நான்காம் இடமே பெற்றது. எனினும் போட்டியின் சிறந்த வீரராகத் தேர்வானவர், அப்போது முப்பத்து நான்கு வயதான தன்ராஜ்! மறு ஆண்டு கோலாலம்பூரில் அவர் தலைமையில் ஆசியக் கோப்பையும் நம்முடையதாயிற்று.

வளமான காலத்தில் வெல்பவர் பலர். வறண்ட காலத்தில் பதினைந்து ஆண்டு ஓர் ஆட்டத்தின் மீது மக்கள் கொண்ட பற்று அணையாமல் காத்தவர் இவர். மராட்டிய மண்ணில் வளர்ந்து, நாடு முழுவதற்கும் ஆடிய இத்தமிழரின் வாழ்க்கையைச் சொல்லும் ஆங்கில நூலின் தலைப்பிலும் ‘அம்மா’ என்ற நம் சொல் இருக்கிறது. பிறந்த மண் எதுவாயினும், பேசும் மொழியும் உழைக்கும் உறுதியும் உடன் வரும் அல்லவா?