ஐந்தாம் சில்லுக்கேற்ற மசகுத் தட்டைத் தெரிந்தெடுத்தல்

கிளிநொச்சியில் அறுவடையாகும் நெல்லும், யாழ்ப்பாணத்து வெங்காயமும், தம்புள்ளையில் வந்து சேரும் மரக்கறி வகைகளும் கொழும்பு நகரை அடைவது பெரும்பாலும் லொறிகளினாலேயே ஆகும். பெருந்தொகையான மூடைகளை ஒரே தடவையில் ஏற்ற வேண்டியவிடத்து, நீண்ட றெயிலரை இழுத்துச் செல்லும் இழுவை லொறிகளைக் கமக்காரர் சங்கங்கள் அமர்த்துவதுண்டு. கொழும்புத் துறைமுகத்தில் 1985-ம் ஆண்டு ஜய கொள்கலன் முனையம் தொழிற்படத் தொடங்கிய பின்னர் இத்தகைய லொறிகள் பெருகின. கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுக வீதிகளில் அவை ஒன்றன்பின் ஒன்றாய் நிற்பதை எவரும் காணலாம். இவற்றை வாங்கும் சங்கத்தாரும், வாடகைக்குப் பேசும் கமக்காரரும் எஞ்சினையும் ரயரையும் பார்ப்பது வழக்கம். லொறியையும் றெயிலரையும் பிணைக்கும் இடத்தைப் பார்ப்பவர் குறைவு. ஒரு போகத்தின் பலன் முழுவதும், வீதியிற் செல்வோரின் உயிரும், அவ்விடத்திலுள்ள ஓர் இரும்பு முளையை நம்பியே இருத்தலால் அதனைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் அவசியமாகும்.

இவ்விணைப்புக்கு ஐந்தாம் சில்லு என்று பெயர். பார்வைக்கு அது சில்லுப் போலத் தோன்றுவதில்லை. முற்காலத்து நான்கு சில்லுக் குதிரை வண்டிகளில், முன் அச்சு இடமும் வலமும் திரும்பும் பொருட்டு, அச்சின்மேல் வட்டமான இரும்பு வளையமொன்று கிடையாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதுவே ஐந்தாம் சில்லு எனப்பட்டது. மோட்டார் வண்டிகள் வந்த பின்னும் அப்பெயர் நிலைத்துவிட்டது. 1914-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள டெட்ரோயிட் நகரத்துக் கொல்லரான ஓகஸ்ட் புறூகோவ் என்பார், மரவியாபாரி ஒருவரின் படகை மோட்டார் காரினால் இழுத்துச் செல்வதற்கென ஒரு றெயிலரைச் செய்து கொடுத்தார். இன்றைய நீண்ட றெயிலர்களுக்கு அது முன்னோடிகளில் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

லொறியின் பின்புறச் சட்டத்தின்மேல் குதிரை லாடத்தின் வடிவான தடித்த உருக்குத் தட்டு ஒன்று இருக்கும். றெயிலரின் முன்புற அடியில் மட்டமான வேறொரு தட்டும், அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் கிங்பின் என்னும் முளையும் இருக்கும். லொறி பின்னோக்கி வரும்போது அம்முளை லாடத்தின் பிளவினுட் புகும். அங்குள்ள தாடைகள் முளையின் கழுத்தைக் கவ்விப் பூட்டிக் கொள்ளும். பொதுவாகக் காணப்படும் 2 அங்குலக் கிங்பின்னில் கழுத்தின் விட்டம் 50.8 மில்லிமீற்றர். கழுத்துக்குக் கீழேயுள்ள தலை அதனிலும் பருத்தது, ஏறக்குறைய 71 மில்லிமீற்றர். பருத்த தலை மெலிந்த கழுத்தின் கீழ் நிற்பதனாலேயே முளை தாடைகளை விட்டு மேலே கிளம்புவதில்லை. இதனை மனத்திற் கொண்டாற் பின்னே கூறப்படுவது நன்கு விளங்கும்.

இழுப்பது முளையின் வேலை. பாரத்தைத் தாங்குவது தட்டுகளின் வேலை. 40 அடிக் கொள்கலன் ஒன்று சரக்குடன் 30,480 கிலோகிராம் வரை நிறுக்கலாம். அதில் ஒரு பெரும் பங்கு ஐந்தாம் சில்லின்மேல் அமரும். லொறி திரும்பும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு பாரத்தின்கீழ் இரும்போடு இரும்பு உராய்கின்றது. மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு இடாமல் ஓட்டினால் என்ன நிகழும் என்பதைக் கமக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அச்சு கிறீச்சிடும், தேயும், மாடு இளைக்கும். உலர்ந்த ஐந்தாம் சில்லில் நிகழ்வதும் அதுவே. ஆனால் இங்கு இளைப்பது மாடன்று. சாரதி திருப்பியும் லொறி இலேசிற் திரும்ப மறுக்கும். மழையில் நனைந்த வீதியில் முன் சில்லுகள் வழுக்கி, லொறி நேரே செல்லப் பார்க்கும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய சந்திகளில் இது நேர்ந்தால் விளைவைக் கூறவேண்டியதில்லை.

இதற்குப் பழைய பரிகாரம் கிறீஸ் பூசுதலாகும். அது மலிவானது, எங்குங் கிடைப்பது. எனினும் குறைகள் உண்டு. களத்துத் தூசியும் வீதி மணலும் கிறீஸில் ஒட்டி, நாளடைவில் அது சாணைக்கல் போல இரும்பை அராவும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் கொழும்பில் அது கழுவுண்டும் போகும். றெயிலரைக் கழற்றி வைக்கும் இடங்களில் சாக்குகளிலும் உடைகளிலும் படிவதும் உண்டு. ஆகவே சிலர் கிறீஸுக்குப் பதிலாக, கிங்பின்னைச் சுற்றி றெயிலரின் அடித்தட்டோடு பொருந்தும் வட்டமான பிளாஸ்டிக் தட்டொன்றை இடுகின்றனர். இதுவே மசகுத் தட்டு. இரு இரும்புத் தட்டுகளும் நேரே தொடாதபடி இது இடையில் நின்று வழுக்கிக் கொடுக்கும்.

தட்டு எப்பொருளாலானது என்று முதலிற் கேட்டறிதல் வேண்டும். வெள்ளையாக இருப்பன எல்லாம் ஒன்றல்ல. நைலோன் உறுதியானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சிச் சிறிது பருக்கும் இயல்புடையது. மாரியில் நனைந்துகொண்டே ஓடும் றெயிலருக்கு அது சிறந்ததன்று. தெப்லோன் மிக நன்றாக வழுக்கும், எனினும் மென்மையானது. நெடுநாட் பாரத்தின்கீழ்ச் சிறிது சிறிதாகப் பிதுங்கிவிடும். அதியுயர் மூலக்கூற்றெடையுடைய பொலித்தீன் என்பது கடைப் பையாக வரும் பொலித்தீனின் இனமேயாயினும், தேய்வைத் தாங்குவதில் அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. நீரை உறிஞ்சாது, உராய்வும் குறைவு. இவ்வேலைக்கு இதுவே ஏற்றது. ஏறத்தாழ 80 பாகை சதமளவையின் மேற் சூடேறினால் இது தளரும் என்பது இதன் குறை. ஆகையால் இதனைப் பொருத்திய பின் அருகில் வெல்டிங் வேலை செய்தலாகாது.

பருமனைப் பற்றி விசேடமாகக் கவனித்தல் வேண்டும். சாதாரணமாக விற்கப்படுவது 10 அங்குல விட்டமுடையது. நடுத் துவாரம் போக, அதன் பரப்பு ஏறக்குறைய 465 சதுர சென்ரிமீற்றர். 10,000 கிலோகிராம் பாரம் அதன்மேல் அமருமாயின், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 21 கிலோகிராமுக்கு மேல் வரும். 12 அங்குலத் தட்டாயின் அது 15 கிலோகிராமுக்குட் குறையும். இரண்டையும் நல்ல தட்டு தாங்கும். ஆயினும் வீதி மேடுபள்ளமாக இருக்கையில் பாரம் முழுவதும் ஒரு விளிம்பிற் சாய்வதால், இடங்கொள்ளுமாயின் அகன்ற தட்டே மேல்.

தடிப்போ இதற்கு நேர்மாறானது. தடித்த தட்டு நெடுங்காலம் உழைக்கும் என்று எண்ணி அரை அங்குலத் தட்டை வெட்டுவித்துப் போடுவது பெரும் பிழை. தட்டு எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்கு றெயிலர் மேலெழும், கிங்பின்னும் மேலெழும். தாடைகளோ முன்னிருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே கழுத்தைக் கவ்வ வேண்டிய தாடைகள் பருத்த தலையை எதிர்ப்படும். அப்போது பூட்டு முற்றாக மூடாது. அல்லது பாதி மூடி, மூடியது போலத் தோன்றும். அவ்வாறு தோன்றுதலே அதிக ஆபத்தானது. றெயிலர் முற்றத்தை விட்டு அமைதியாகப் புறப்பட்டு, முதற் பள்ளத்திலோ முதற் பிறேக்கிலோ லொறியை விட்டுக் கழன்றுவிடும். வழக்கமான தடிப்பு 3/16 அங்குலம், அதாவது 5 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதற்கும் இடங்கொடாத பூட்டுகள் உள்ளன. எனவே ஐந்தாம் சில்லைச் செய்தவர் மசகுத் தட்டுக்கு இடமளித்துள்ளாரா என்பதைக் கைந்நூலிற் பார்த்த பின்னரே வாங்குதல் வேண்டும். இடமளியாதவிடத்துக் கிறீஸே போதும், அதிற் குறைவொன்றுமில்லை.

மேற்கூறிய வட்டத் தட்டு பெரும்பாலும் இலேசான றெயிலர்களுக்கென்றே வந்தது. பிறநாடுகளில் சிறு பிக்கப் வண்டிகளால் இழுக்கப்படும் வீட்டு வண்டிகளில் இது மிகுதியாகப் பயன்படுகின்றது. நாள்தோறும் நிறைபாரத்துடன் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு, லாடத் தட்டின் மேலேயே வழுக்குப் பட்டைகள் பதித்துச் செய்யப்பட்ட ஐந்தாம் சில்லு உகந்தது. அதில் பாரம் பரவலாக அமரும்; கிங்பின்னின் உயரமும் மாறாது. விலை அதிகம் என்பது உண்மையே. அவ்வளவு செலவிட இயலாத சங்கத்தார் மலிவான தடித்த தட்டொன்றை இட்டு வைப்பதைவிடக் கிறீஸைத் துடைத்துப் புதிதாகப் பூசிவரும் பழக்கத்தை மேற்கொள்வது புத்தியாகும்.

தட்டு வாங்குவோர் கொழும்பில் மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தைக்குச் செல்வது வழக்கம். செல்லுமுன் கிங்பின்னின் கழுத்தை அளந்துகொள்ளல் வேண்டும். அது 49 மில்லிமீற்றருக்குத் தேய்ந்திருப்பின் மாற்ற வேண்டியது முளையே. தட்டு வாங்கிப் பயனில்லை. 2 அங்குல முளைக்கும் 3 1/2 அங்குல முளைக்கும் துவாரம் வேறு. நல்ல தட்டின் துவாரம் முளையின் தலைமேல் இறுகி ஏறி, அடியிற் பற்றி நிற்கும். வெயிலிற் சிறிது நேரம் வைத்தால் இலகுவாக ஏறும். தொளதொளத்து விழுவதைக் கம்பியாற் கட்டி ஓட்டுதல் தகாது.

பொருத்துமுன் இரு இரும்புத் தட்டுகளிலுமுள்ள பழைய கிறீஸை மண்ணெண்ணெய் கொண்டு முற்றாகத் துடைத்து, பிசிறுகளை அரத்தால் அராவி மட்டமாக்குதல் வேண்டும். ஒரு சிறு பிசிறும் பிளாஸ்டிக்கை உழவு சால் போலக் கீறிவிடும். தட்டு மூடாத இடங்களில் துரு ஏறாதபடி மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடல் நன்று. வெள்ளவத்தை போன்று கடலோரமாய் உள்ள இடங்களில் இராத்தங்கும் வண்டிகளுக்கு உப்புக் காற்றினால் இது இன்னும் அவசியம். தாடைகளுக்கும் பூட்டுக்கும் கிறீஸ் எப்போதும் வேண்டும். மசகுத் தட்டு அவ்வேலையைச் செய்யாது.

புதுத் தட்டு இட்ட பின் முதன்முறை பூட்டும்போது சாரதி கீழிறங்கி, கைவிளக்குடன் பின்புறமாகப் பார்த்தல் வேண்டும். தாடைகள் கழுத்தைச் சுற்றி மூடியிருத்தல் வேண்டும். மசகுத் தட்டுக்கும் லாடத் தட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிதலாகாது. பின்னர் றெயிலரின் பிறேக்கைப் பிடித்தபடி, அதன் கால்கள் நிலத்தை விட்டுச் சற்றே எழுந்திருக்கையில், லொறியை முதற் கியரில் மெதுவாக முன்னே இழுத்துப் பார்த்தல் வேண்டும். கழலாதாயின் கால்களை முழுதும் உயர்த்தலாம். மூடைகளை ஏற்றுவிப்போர் இச்சோதனையைப் பார்க்கக் கேட்பதில் மரியாதைக் குறைவொன்றுமில்லை.

உழவு இயந்திரப் பெட்டி வைத்திருப்போர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பெட்டியின் வளையம் கொளுக்கியில் அராவுகிறதென்று இடையில் வாசரோ தோற்றுண்டோ வைப்பவர் உளர். வைத்த பின் பூட்டு முளையின் அடித் துவாரம் முழுதும் வெளியே தெரிகின்றதா என்று பார்த்தல் வேண்டும். துவாரம் பாதி மறைந்து ஆணி புகாவிடின், வாசரை எடுத்துவிட்டுக் கிறீஸ் பூசவேண்டும். ஆணிக்குப் பதிலாகக் கம்பி செருகலாகாது. நான்கு சில்லுப் பெட்டிகளில் முன் அச்சின்மேலுள்ள திரும்பு வளையத்துக்கும், அறுவடை தொடங்குமுன் ஒருமுறையும், ஏற்றியிறக்கல் நடைபெறும் காலத்தில் வாரந்தோறும் ஒருமுறையும் பழைய கிறீஸைத் துடைத்துப் புதிது இடல் வேண்டும். மசகுத் தட்டாயின் ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் கழற்றி அளந்து, பாதித் தடிப்புத் தேய்ந்ததும், அல்லது விளிம்பில் வெடிப்புக் கண்டதும், மாற்றிவிடல் வேண்டும்.