டிப் ஸ்டிக் அன்று சொன்னது, இன்று சொல்வது

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் ஆயில் மாற்றும் நாளை மெக்கானிக்கின் விரல்தான் தீர்மானித்தது. டிப் ஸ்டிக்கை உருவி, நுனியில் ஒட்டியதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். "கறுத்துப் போச்சு சார், வழவழப்பே இல்ல, மாத்திடலாம்" என்பார். மூவாயிரம் கிலோமீட்டர், மிஞ்சினால் ஐயாயிரம். இன்று பல பெட்ரோல் கார்களின் சர்வீஸ் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்று இருக்கிறது.

இந்த மாற்றத்தின் பெருமையை எல்லோரும் சிந்தெடிக் ஆயிலுக்கே கொடுக்கிறார்கள். பாதிதான் சரி. ஆயிலைக் கெடுத்ததில் எரிபொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களின் நடுப்பகுதி வரை நம் டீசலில் ஒரு சதவீதம் வரை கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. எரிந்த கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி ஆயிலில் இறங்கும். பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுவதும் நின்றது. போதாததற்குக் கார்புரேட்டர்: சோக்கை இழுத்துக் கிளப்பும் ஒவ்வொரு காலையும் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குள் வடியும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதிகள் வந்தபோது கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்காகிவிட்டது. கார்புரேட்டரும் எப்போதோ போய்விட்டது. பழைய ஐயாயிரத்தைப் பத்தாயிரமாக்கியதில் சுத்திகரிப்பு ஆலைக்கும் இன்ஜெக்டருக்கும் பங்கு உண்டு.

ஆயிலும் மாறியிருக்கிறது. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் மினரல் ஆயிலில் பல அளவு மூலக்கூறுகள், மெழுகு, கந்தகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பாலி ஆல்ஃபா ஓலிஃபின் என்ற சிந்தெடிக் வகையை எத்திலீனிலிருந்து அளவெடுத்துக் கட்டுகிறார்கள். அது குளிரில் உறையாது, சூட்டில் அவ்வளவாக நீர்த்துப்போகாது, ஆவியாவதும் குறைவு. அமெரிக்காவில் 1974-ல் மொபில் 1 கடைக்கு வந்தபோது சிந்தெடிக் என்றால் இந்த ரகம்தான். இன்று கடையில் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று விற்கும் டப்பாக்கள் பலவற்றில் இருப்பது, ஹைட்ரஜன் செலுத்தி ஆழமாகச் சுத்திகரித்த கச்சா எண்ணெய்தான். அதையும் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாம் என 1999-ல் அமெரிக்க விளம்பரத் துறையின் தீர்ப்பு மன்றம் ஏற்றுக்கொண்டது. அதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். அதன் குணங்கள் அசலுக்கு வெகு அருகில் இருக்கின்றன. டப்பாவில் அந்தச் சொல்லைத் தேடுவதைவிட, உங்கள் இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட கிரேடும் தரக்குறியீடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். (கார் ஆயிலை பைக்கில் ஊற்றவே வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில் நனைந்து ஓடுகிறது, வழுக்கும். ஜாசோ எம்ஏ என்ற குறி உள்ளதுதான் அதற்கு.)

மெக்கானிக் நம்பிய கறுப்பு நிறத்துக்கும் இன்று பொருள் வேறு. இப்போதைய ஆயிலில் கரியைப் பிடித்து மிதக்கவைக்கும் ரசாயனங்கள் இருக்கின்றன. டீசல் காரில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். அழுக்கு அடியில் படியாமல் ஆயிலோடு சுற்றிவருகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். நிறத்தைக் காட்டி "உடனே மாத்தணும்" என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுக்கலாம்.

ஆனால் பத்தாயிரம் என்ற எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரி 70 கிலோமீட்டரில் போகிறவரின் இன்ஜின் 10,000 கிலோமீட்டருக்குச் சுமார் 143 மணி நேரம் ஓடுகிறது. சென்னை நெரிசலில் சராசரி 15-ல் ஊர்பவரின் இன்ஜின் அதே தூரத்துக்கு 667 மணி நேரம் ஓடுகிறது. மீட்டர் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சர்வீஸ் புத்தகத்தின் பின்பக்கங்களில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் குறுந்தூர ஓட்டம், நெரிசல், புழுதி எல்லாம் வரும். நம் நகரவாசிகளில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில்தான் வாழ்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் நல்ல சிந்தெடிக் ஊற்றினாலும் ஆறாயிரம், ஏழாயிரத்தில் மாற்றிவிடுவது நல்லது. வாரம் ஒருமுறை கடைத்தெருவுக்கு மட்டும் போய்வரும் காருக்குக் கிலோமீட்டர் கணக்கே வேண்டாம், ஆண்டுக் கணக்கு போதும். சூடேறாத இன்ஜினில் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

டிப் ஸ்டிக்குக்கு இன்று வேறொரு வேலையும் வந்திருக்கிறது. அன்று அதை உருவியது ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்க. இன்று கூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் கொஞ்சம் பெட்ரோல் கீழே வடிகிறது. பி.எஸ். 6 டீசலில் புகைக்கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதலாகச் செலுத்தும் டீசலும், நகர ஓட்டத்தில் அந்த எரிப்பு பாதியில் நின்றுவிட்டால், ஆயிலில் போய்ச் சேருகிறது. மேல்கோட்டைத் தாண்டி அளவு ஏறியிருந்தாலோ, குச்சியில் எரிபொருள் வாடை அடித்தாலோ, மீட்டரில் மூவாயிரமே ஓடியிருந்தாலும் ஆயிலை இறக்கிவிடுங்கள். ஃபில்டரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.