பனியன்று, பயிரின் நீர்

காலபோக நெல் இளம்பயிராய் நிற்கும் நாட்களில், கதிரவன் எழுமுன் வயல் வரம்பிலே நடப்போர், ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு நீர்த்துளி தொங்கக் காண்பர். அதனைப் பனித்துளி என்றே பலரும் கருதுவர். பனி என்பது காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து இலைப்பரப்பெங்கும் படிவது. நுனியில் மட்டும் ஒழுங்காக நிற்கும் துளியோ பயிரின் உள்ளிருந்தே வருவது. சட்டியில் வளர்த்த நாற்றுக்கு நன்றாக நீரூற்றி, மாலையிலே கண்ணாடிச் சாடியால் மூடி வீட்டினுள் வைத்தால், பனி புகாத அவ்விடத்திலும் விடியலில் துளிகள் தோன்றும்.

பகலில் இலைவாய்கள் திறந்திருக்கும். வேர் உறிஞ்சும் நீரின் பெரும்பகுதி அவற்றின் வழியே ஆவியாய் வெளியேறும், இதுவே ஆவியுயிர்ப்பு. இரவில் இலைவாய்கள் மூடிக்கொள்ள, அவ்வழி அடைபடும். வேர்களோ ஓய்வதில்லை. அவை மண்ணிலுள்ள உப்புக்களை உள்ளே சேர்க்க, நீரும் தொடர்ந்து உட்புகும். அதனால் எழும் வேரமுக்கம் நீரை மேலே தள்ளும். இலை நரம்புகள் முடியுமிடங்களில் மூடாத நுண்துளைகள் உள. மிகுதியான நீர் அவற்றின் வழியே துளியாய்க் கசியும்.

வேரமுக்கத்தின் வலிமை சிறிதன்று. வெட்டிய முந்திரிகைக் கொடியின் அடியிலே கண்ணாடிக் குழாய்களைப் பொருத்திய ஆங்கில அறிஞர் ஸ்டீபன் ஹேல்ஸ், சாறு 21 அடி உயரம் ஏறியதைக் கண்டு, 1727 இல் வெளியிட்ட தமது நூலில் எழுதினார். ஆயினும் நெடுமரங்களின் உச்சிக்கு நீரேற்ற இவ்வமுக்கம் போதாது. ஆதலால் துளிக்கசிவு பெரும்பாலும் நெல், புல், சேம்பு போன்ற சிறு பயிர்களிலேயே காணப்படும்.

இத்துளி நோயன்று, வேர் நலமாயிருப்பதன் அறிகுறி. எனினும் நீர் வெளிவரும் வாயிலே பகை உட்புகும் வாயிலுமாகும். நெல்லைத் தாக்கும் பற்றீரியா இலை வெளிறல் நோயின் கிருமிகள், இலை நனைந்திருக்கும் வேளையில், காயங்கள் வழியாகவும் இந்நுண்துளைகள் வழியாகவும் உட்செல்கின்றன. அந்நோயின் மஞ்சட் கோடுகள் நுனியிலும் ஓரத்திலும் தொடங்குவதன் காரணம் இதுவே. யூரியாவை அளவு மீறி இட்ட வயலில் நோய் மேலும் கடுமையாகும்.

ஆகவே நோய் கண்ட வயலிலே, ஈரம் உலருமுன் இறங்கி இலைகளை உரசிச் செல்லாதிருத்தல் நன்று. வெயில் ஏறும்வரை வரம்பிலே காத்திருக்கும் கமக்காரன் நேரத்தை வீணாக்குபவனல்லன். தன் விளைச்சலைக் காப்பவன்.