பழைய பதிவேடுகளில் கடலைப் படித்தவர்

1848-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து ‘டபிள்யூ. எச். டி. சி. ரைட்’ என்ற சரக்குக் கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவுக்குப் புறப்பட்டது. சாதாரணப் பாய்மரக் கப்பல். அந்த வழியில் போகிற கப்பல்களுக்கு அப்போது ஏறத்தாழ 55 நாள் பிடிக்கும். கேப்டன் ஜாக்சன் 38 நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். மாலுமிகள் கூடுதலாகப் பாடுபட்டதால் வந்த வேகம் இல்லை இது. ஒரு வரைபடம் காட்டிய வழியில் அவர் போனார், அவ்வளவுதான்.

அந்த வரைபடத்தைத் தயாரித்தவர் மேத்யூ ஃபான்டெய்ன் மோரி. அமெரிக்கக் கடற்படையில் லெஃப்டினன்ட். கால் ஊனமாகி, கடலுக்கே போக முடியாமல் வாஷிங்டனில் ஓர் அலுவலகத்தில் உட்கார வைக்கப்பட்டவர். கரையில் இருந்தபடி அவர் எப்படிக் கடலில் வழி சொன்னார்? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம். இன்று நாம் கேட்கிற வானிலைச் செய்திக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கிறது.

மோரி 1806-இல் விர்ஜீனியாவில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் டென்னஸிக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் ஜான் கடற்படை அதிகாரியாக இருந்து, மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். ஒரு மகனைக் கடலுக்குக் கொடுத்த தந்தை இன்னொருவனை அனுப்பச் சம்மதிக்கவில்லை. மோரி கேட்கவில்லை. 1825-இல், 19 வயதில், மிட்ஷிப்மேன் என்ற பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்துவிட்டார். முதலில் ஏறிய ‘பிராண்டிவைன்’, அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தைத் தாய்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற கப்பல். பிறகு ஏறிய ‘வின்சென்ஸ்’, உலகைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கப் போர்க்கப்பல்.

அப்போது அமெரிக்காவில் கடற்படைக் கல்லூரி கிடையாது. பையன்கள் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்ள வேண்டியதுதான். மோரியும் கணிதத்தைத் தானாகவே படித்தார். 1831-இல் ‘ஃபால்மவுத்’ கப்பலில் வழி பார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. தென் அமெரிக்காவின் கடைக்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றிப் பசிபிக் போக வேண்டும். கப்பல்களை விழுங்குவதற்குப் பெயர்போன இடம் அது. அங்கே எந்த மாதத்தில் எந்தக் காற்று அடிக்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று படித்துவிட்டுப் போகலாம் என்று தேடினார். உருப்படியான தகவல் எதுவுமே கிடைக்கவில்லை. இத்தனை கப்பல்கள் போய்வந்த வழியைப் பற்றி எழுத்தில் ஒன்றும் இல்லையே என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1834-இல் ஹார்ன் முனைப் பயணம் பற்றி ஓர் அறிவியல் இதழில் கட்டுரை எழுதினார். 1836-இல் கப்பல் வழிகாணும் கலை பற்றி ஒரு பாடநூலே எழுதி வெளியிட்டார்.

1839-இல் ஓஹையோ மாநிலத்தில் அவர் பயணம் செய்த குதிரை வண்டி கவிழ்ந்தது. வலது கால் மோசமாக அடிபட்டு, பிறகு சரியாகவே இல்லை. முப்பத்து மூன்று வயதில் ஒரு கடற்படைக்காரருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. படுக்கையில் இருந்தபடியே ‘ஹாரி பிளஃப்’ என்ற புனைபெயரில் கடற்படை நிர்வாகத்தின் குறைகளைப் பத்திரிகையில் எழுதினார். அதிகாரிகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்று வாதாடினார். 1845-இல் அன்னபோலிஸில் கடற்படைப் பள்ளி தொடங்கப்பட்டதில் இப்படிப்பட்ட எழுத்துக்கும் பங்கு உண்டு.

1842-இல் அவரை வாஷிங்டனில் வரைபடங்களும் கருவிகளும் வைக்கும் கிடங்கின் பொறுப்பாளராக நியமித்தார்கள். அங்கேதான் அவர் கண்ணில் பட்டன, பழைய கப்பல்களின் லாக் புத்தகங்கள்.

லாக் என்பது கப்பலின் அன்றாடப் பதிவேடு. கப்பல் இப்போது எங்கே இருக்கிறது, காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வலுவாக வீசுகிறது, நீரோட்டம் எப்படி, வெப்பநிலை என்ன என்று பணியில் இருக்கும் அதிகாரி எழுதிக்கொண்டே வருவார். பயணம் முடிந்ததும் புத்தகம் கிடங்குக்குப் போய்விடும். அதற்குப் பிறகு யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஹார்ன் முனைக்குப் போகும்போது தான் தேடிக் கிடைக்காத தகவல் இந்தக் குவியலுக்குள் கிடக்கிறது என்பது மோரிக்குப் புரிந்தது.

நீங்கள் கேட்கலாம்: பல வருடம் கடலில் இருந்த கேப்டனுக்குக் காற்றின் போக்கு தெரியாதா? ஓரளவு தெரியும். ஆனால் ஒருவர் தம் வாழ்நாளில் ஓர் இடத்தை ஒரே மாதத்தில் எத்தனை முறை கடந்திருப்பார்? மூன்று முறையோ நான்கு முறையோ. அங்கே எதிர்க்காற்று அடித்திருந்தால், அது அந்த இடத்தின் இயல்பா, அன்றைய தற்செயலா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. நூறு கேப்டன்களின் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தற்செயல்கள் கரைந்துபோய், இயல்பு மட்டும் நிற்கும். மோரி செய்த வேலையின் உயிர் இதுதான்.

செய்த விதத்தையும் பார்ப்போம். கடற்பரப்பை அகலத்தில் ஐந்து பாகை, நீளத்தில் ஐந்து பாகை என்று கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் திசைகாட்டியின் 16 திசைகள். ஒவ்வொரு லாக்கையும் பிரித்து, இந்தக் கட்டத்தில் இந்த மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று எண்ணிச் சேர்த்தார்கள். காற்றே இல்லாமல் கப்பல் அசையாது நின்ற நேரங்களையும் விடவில்லை. ஒரு கேப்டன் தான் போக வேண்டிய மாதத்தையும் கட்டத்தையும் பார்த்தால் போதும், எந்தக் காற்று பெரும்பாலும் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். அறிவாளியின் கண்டுபிடிப்பு என்பதைவிட எழுத்தரின் பொறுமை என்று இதைச் சொல்லலாம். 1847-இல் வட அட்லாண்டிக் கடலின் காற்று, நீரோட்ட வரைபடம் வெளியானது.

இனி ஜாக்சனின் பயணம் புரியும். வட அமெரிக்காவிலிருந்து ரியோ போகிறவர்களுக்கு ஒரு பழைய பயம் இருந்தது. பிரேசிலின் வடகிழக்கு மூலையில் சாவ் ரோக் என்ற முனை இருக்கிறது. அதற்கு அருகில் போனால் நீரோட்டம் கப்பலை மேற்கே இழுத்துவிடும், பிறகு முனையைத் தாண்டவே முடியாது என்று நம்பினார்கள். அதனால் ஆப்பிரிக்கப் பக்கமாக வெகுதூரம் கிழக்கே போய்ப் பூமத்திய ரேகையைக் கடந்து, பிறகு தென்மேற்கே திரும்புவார்கள். அந்தச் சுற்றில், காற்றே இல்லாத பகுதியில் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வதும் உண்டு. லாக் புத்தகங்களைக் கூட்டிப் பார்த்த மோரிக்கு, அந்தப் பயம் மிகையானது என்று தெரிந்தது. இன்னும் மேற்கே, நேராகவே போகலாம் என்றார். ஜாக்சன் நம்பிப் போனார். மற்ற கேப்டன்களும் அதன் பிறகு வரைபடத்தைத் தேடி வந்தார்கள்.

வந்தவர்களிடம் மோரி காசு வாங்கவில்லை. பயணக் குறிப்பை அவர் அச்சிட்டுத் தரும் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர்களுக்கு வரைபடமும் வழிகாட்டி நூலும் இலவசம். இந்த ஏற்பாட்டை நான் வரைபடத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் அதைத் திருத்தவும் வளர்க்கவும் செய்தார்கள். யாரோ ஒரு சரக்குக் கப்பலின் அதிகாரி குளிரில் விரல் விறைக்க எழுதிய வரி, அவர் பார்த்தே இராத இன்னொரு கப்பலைக் காப்பாற்றியது.

கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவிய காலம் அது. நியூயார்க்கிலிருந்து ஹார்ன் முனையைச் சுற்றி சான் ஃபிரான்சிஸ்கோ போகச் சராசரியாக 188 நாள் பிடிக்கும். மோரியின் வழியில் போன கப்பல்களுக்கு அது 145 நாளாகக் குறைந்தது. 1851-இல் ‘ஃப்ளையிங் கிளவுட்’ என்ற வேகக் கப்பல் 90 நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்கு வழி குறித்தவர் கேப்டனின் மனைவி எலினோர் கிரீசி. அவர் மோரியின் வழிகாட்டியை நன்றாகப் படித்தவர்.

ஒரு நாட்டுக் கப்பல்களின் குறிப்பு மட்டும் கடலுக்குப் போதாது. மோரியின் முயற்சியால் 1853-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பத்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். எந்த நாட்டுக் கப்பலானாலும் ஒரே மாதிரிப் படிவத்தில் வானிலையைப் பதிவு செய்வது என்று முடிவானது. வானிலை ஆய்வில் நாடுகள் சேர்ந்து வேலை செய்வதற்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

கடலின் மேற்பரப்போடு அவர் நிற்கவில்லை. ஆழக்கடலில் கயிற்றில் குண்டு கட்டி விட்டு அளந்தால் அது தரையைத் தொட்டதா என்றே தெரியாது. நீரோட்டம் கயிற்றை இழுத்துக்கொண்டே போகும். அவருக்குக் கீழே பணியாற்றிய ஜான் புரூக் ஒரு கருவி செய்தார். துளையிட்ட பீரங்கிக் குண்டின் நடுவே ஒரு கம்பி. தரை தட்டியதும் குண்டு கழன்று அங்கேயே கிடக்கும், கம்பி மட்டும் அடிமண்ணோடு மேலே வரும். வந்த மண்ணில் நுண்ணுயிரிகளின் ஓடுகள் உடையாமல் இருந்தன. அப்படியானால் அடியில் தண்ணீர் அமைதியாக இருக்கிறது, தந்திக் கம்பி போட்டால் அறுபடாது என்று மோரி கணித்தார். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்தி போட முனைந்த சைரஸ் ஃபீல்டுக்கு இது பெரிய தெம்பாக அமைந்தது.

மோரி தவறவும் செய்தார். 1855-இல் வந்த அவருடைய ‘கடலின் இயற்கைப் புவியியல்’ நூலை மக்கள் விரும்பிப் படித்தார்கள். ஆனால் காற்று ஏன் அப்படி வீசுகிறது என்று அதில் அவர் சொன்ன விளக்கங்கள் நிற்கவில்லை. வட துருவத்தைச் சுற்றிப் பனி இல்லாத கடல் இருக்கிறது என்றும் நம்பினார். அடுத்த ஆண்டே வில்லியம் ஃபெரல் என்ற பள்ளி ஆசிரியர், பூமியின் சுழற்சி காற்றைத் திருப்புவதைக் கணக்கில் கொண்டு சரியான பாதையைக் காட்டினார். மோரி எண்ணிச் சேர்த்த இடங்களில் வென்றார். எண்ணிக்கையைத் தாண்டி ஓடிய இடங்களில் தோற்றார்.

அதைவிடப் பெரிய தவறு அறிவியலுக்கு வெளியே நடந்தது. 1851-இல் தம் மைத்துனர் வில்லியம் ஹெர்ன்டன் அமேசான் ஆற்றை ஆராயப் போவதற்குப் பின்னால் இருந்தவர் மோரி. தென் மாநில நிலக்கிழார்கள் தங்கள் அடிமைகளோடு அங்கே குடியேறலாம் என்பது அவர் திட்டம். 1861-இல் உள்நாட்டுப் போர் வந்ததும், அமெரிக்கக் கடற்படையிலிருந்து விலகி, அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தெற்கின் பக்கம் சேர்ந்தார். மின்சாரத்தால் வெடிக்கும் கண்ணிவெடிகளை ஆற்றில் பதித்தார். கப்பல் வாங்க இங்கிலாந்து போனார். தெற்கு தோற்ற பிறகு, மெக்சிகோவில் பேரரசர் மாக்சிமிலியனின் ஆதரவில், தோற்றவர்களைக் குடியேற்றப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. 1868-இல் நாடு திரும்பி, விர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் பேராசிரியரானார். 1873-இல் இறந்தார்.

ரிச்மண்ட் நகரில் அவருக்கு 1929-இல் வைத்த சிலை 2020-இல் அகற்றப்பட்டது. அன்னபோலிஸில் அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்துக்கு 2023-இல் ஜிம்மி கார்ட்டரின் பெயர் வந்தது. இரண்டும் நியாயமானவை என்றே நினைக்கிறேன். எல்லா நாட்டு மாலுமிக்கும் கடலைத் திறந்துவிட்டவர், தம் நாட்டு மனிதர்களில் ஒரு பகுதியினரின் விடுதலைக்கு எதிராக நின்றார். ஒன்றை வைத்து மற்றொன்றை மறைக்கக் கூடாது.

அவர் தொடங்கிய முறை மட்டும் நிற்கவே இல்லை. அவர் இறந்த 1873-இலேயே சர்வதேச வானிலை அமைப்பு உருவாகத் தொடங்கியது. இன்றைய உலக வானிலை அமைப்பு அதன் வாரிசு. இன்றும் உலகக் கடல்களில் வணிகக் கப்பல்கள் தாமாக முன்வந்து காற்றையும் அலையையும் பதிவு செய்து அனுப்புகின்றன. மழைமானி பார்ப்பவரோ, படகுக் கணக்கு எழுதுபவரோ, ஆஸ்பத்திரிப் பதிவேடு வைத்திருப்பவரோ, நீங்கள் தினமும் ஏதாவது ஒன்றைக் குறித்து வைப்பவராக இருந்தால், தேதி போட்டு ஒழுங்காக எழுதுங்கள். எழுதிய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.